ஸ்டாஃப் சார்ஜென்ட் ஹெக்டரின் குடும்பத்தார்

அமெரிக்க ராணுவத்தின் கிரிம்ஷா முகாம்காரர்கள் ஒருவரை வரவேற்பது என்று முடிவு கட்டிவிட்டால் அவர் தப்பிக்கவே முடியாது. ட்ரீனா ஹாஸ்கின்ஸ் நெப்ராஸ்காவிலிருந்து கணவனோடு ஜெர்மனியில் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்திலேயே ஒரு வரவேற்பு நடந்தது. பேருந்தில் ஒன்று. முகாம் வாசலில் வாத்தியக் குழுவோடு இன்னொன்று. விடுதி அறைக்குள் போனால் கட்டிலின் மேல் ஒரு கூடை. அதில் ஒரு பாலாடைக்கட்டி, முகாமின் படம் போட்ட கோப்பை, 'நீங்கள் வீடு வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று அச்சடித்த அட்டை. இவ்வளவும் செய்துவிட்டு மறுநாள் காலையில் அவள் கணவன் டாரிலைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே என்பது ரகசியம். மணல் அதிகம் உள்ள இடம் என்று மட்டும் சொன்னார்கள்.

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த மாதங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். இந்தத் தடவைதான் குடும்பத்தோடு போகலாம் என்று உத்தரவு வந்திருந்தது. அதற்காக ட்ரீனா பல் ஆஸ்பத்திரி வேலையை விட்டாள், காரை விற்றாள், அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போகிற அளவுக்குச் சண்டை போட்டாள். டாரில் நாய்ப்படையில் சார்ஜென்ட். அவனுடைய மோப்ப நாய் ஹெக்டரும் அதே விமானத்தில்தான் வந்தது. இறங்கும்போது கூண்டுக் கதவில் முன்னங்கால் நசுங்கியதால் அதற்கு மட்டும் பயிற்சியிலிருந்து விலக்குக் கிடைத்தது.

புருஷன் போனால் என்ன, வீட்டுச் சாவியையாவது வாங்கிக்கொண்டு அடுப்பு மூட்டலாம் என்று ட்ரீனா வரவேற்பு மையத்துக்குப் போனாள். அங்கே லவெர்ன் என்ற பெண்மணி இருபது வருஷமாக ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார். எதிரே யார் நின்றாலும் 'கண்ணு' என்பார். அப்படிச் சொல்லிவிட்டுத்தான் முடியாது என்பார்.

"வாங்க கண்ணு! உங்களை வரவேற்கறதுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

"நேத்தே வந்துட்டேங்க. வீட்டுச் சாவி குடுத்தீங்கன்னா..."

"மணி அடிச்சாச்சா?"

மூலையில் ஒரு பித்தளை மணி தொங்கியது. புதிதாக வருகிற குடும்பம் அதன் கயிற்றைப் பிடித்து அடிக்க வேண்டும். சத்தம் கேட்கிற தூரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தக் குடும்பம் வந்துவிட்டதாகக் கணக்கு. ஆனால் மனைவி மட்டும் தனியாகப் போய் அடித்துவிட முடியாது. ராணுவத்தில் மனைவிக்குப் பெயர் 'சார்ந்தவர்'. யாரைச் சார்ந்தவரோ அவர் 'பொறுப்பாளர்'. பொறுப்பாளர் கை படாமல் மணி அடித்தால் அது வெறும் சத்தம்.

"எங்க வீட்டுக்காரரைத்தான் நீங்களே பயிற்சிக்கு அனுப்பிட்டீங்களே?"

"அதனால என்ன, அவர் வந்ததும் அடிச்சுக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நீங்க வந்துட்டு இருக்கீங்க."

"உங்க எதிர்லயே நிக்கறேனேங்க!"

"நிக்கறீங்க கண்ணு, நான் மறுக்கலையே. ஆனா வரலை."

வந்து சேராதவர்களுக்கு வீடு கிடையாது, முகாம் கடையில் முட்டை கிடையாது, வேலைக்கு மனுப்போட முடியாது. இரண்டு மாதம் ஆகியும் ஒருவர் வந்துகொண்டே இருந்தால், அவரை மேற்கொண்டு கஷ்டப்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் கணவனின் மூன்று வருஷப் பணிக்காலமும் முடிகிற வரை இந்தப் பக்கம் வர முடியாது. டாரில் எப்போது திரும்புவான் என்று ட்ரீனா கேட்டாள். ரகசியம். இரண்டு மாதத்துக்குள்ளேயா, பிறகா? அதுவும் ரகசியம்தான். ஆனால் அதைச் சொல்லும்போது லவெர்ன் அவளைப் பார்த்த பார்வையில் ரகசியம் எதுவும் பாக்கி இருக்கவில்லை.

இன்னும் மூன்று வருஷம் அவனைத் தொலைபேசியில் மட்டும் கட்டிக்கொண்டு வாழ முடியாது என்று ட்ரீனாவுக்குத் தெரிந்திருந்தது. டாரில் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"மரியாதையாக் கேட்டியா?" என்றான் அவன்.

"கேட்டேன்."

"கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே கேளு. ராணுவத்துல எதுக்கும் ஒரு வழி இருக்கும் ட்ரீனா."

"இருக்குடா. நெப்ராஸ்காவுக்குப் போற வழி."

நடுவில் வரவேற்புகள் குறையவில்லை. 'கணவர் இல்லாத நாட்களில் தனிமையை வெல்வது எப்படி' என்று ஒரு வகுப்பு போட்டிருந்தார்கள். ட்ரீனா போனாள். வாசலில் ஒரு கேப்டன் கைகுலுக்கி, "உங்க பொறுப்பாளர் எங்கே?" என்று கேட்டார்.

"அவர் இல்லாததாலதானே வந்திருக்கேன்."

"அதான் சிக்கல் மேடம். கணவரும் மனைவியும் சேர்ந்து வந்தாத்தான் தனிமை நல்லாப் போகுதுன்னு ஆராய்ச்சில கண்டுபிடிச்சிருக்கோம். தனியா வர்றவங்களை விடறதில்லை."

உள்ளே ஒரு ஈ, காக்கை இல்லை. கேப்டன் மேடை ஏறிக் காலி நாற்காலிகளுக்கு முழு வகுப்பையும் எடுத்தார். இடையில் இரண்டு தடவை நகைச்சுவைக்கு இடைவெளி விட்டார். ட்ரீனா வாசலில் நின்றபடியே கேட்டாள். பயனுள்ள வகுப்புதான், தனிமையாக இருக்கும்போது வெளியே போய் நாலு பேரைப் பார்க்கச் சொன்னார்.

நாலு பேரைப் பார்க்க அவள் கர்னலின் மனைவி மிசஸ் டார்பி நடத்திய காபி விருந்துக்குப் போனாள். "இங்க பதவி, கிதவி ஒண்ணும் கிடையாது. நாம எல்லாரும் ஒரே குடும்பம்," என்று மிசஸ் டார்பி சொல்லி முடித்ததும் எல்லாப் பெண்களும் அவரவர் கணவரின் பதவி வரிசை கொஞ்சமும் பிசகாமல் உட்கார்ந்தார்கள். இன்னும் வந்து சேராத ட்ரீனாவுக்கு நாற்காலி இல்லை. கேக் தட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். நின்ற தோஷம், மூன்று பேர் அவளிடம் பால் கேட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முகாமில் அவளுக்குத் தெரிந்த ஜீவன் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கெடு முடிய ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், ஹெக்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நாய்க் கொட்டடிக்குப் போனாள். அங்கே இருந்த கார்ப்பரல் ஓர்டிஸ் கூண்டுக்கு முன் விறைப்பாக நின்று சொன்னான்: "ஸ்டாஃப் சார்ஜென்ட், உங்களைப் பார்க்க ஆள் வந்திருக்காங்க."

ட்ரீனா பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். ஓர்டிஸ் சிரிக்கவில்லை.

"நாய்க்கு எப்பவும் அதைப் பிடிச்சுக்கிட்டுப் போற ஆளைவிட ஒரு படி மேல பதவி மேடம். ரொம்பக் காலத்துப் பழக்கம். கோவத்துல யாரும் கை ஓங்கிடக் கூடாது பாருங்க. நாயை அடிச்சா மேலதிகாரியை அடிச்ச குத்தம்."

"அப்போ டாரிலுக்கு மேலதிகாரி..."

"இவர்தான். டாரில் இவர்கிட்ட ரொம்ப மரியாதையா நடந்துக்குவார்."

மேலதிகாரி தம் வாலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். (பதவி தெரிந்துவிட்ட பிறகு நாமும் மரியாதையாகவே பேசுவோம்.) காலுக்கு நடை நல்லது என்று வைத்தியர் சொல்லியிருந்ததால் ஓர்டிஸ் அவரை ட்ரீனாவோடு அனுப்பினான். நடக்க நடக்க அவளுக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது. மரியாதையாகக் கேட்டாயிற்று, சிரித்துக் கேட்டாயிற்று. ஊருக்குப் போகத்தான் வேண்டும் என்றால் ஒரு தடவை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போகலாமே என்று ஹெக்டரோடு வரவேற்பு மையத்துக்குள் நுழைந்தாள்.

"எங்க வீட்டுக்காரர்தான் இல்லை. அவரோட மேலதிகாரியைக் கூட்டிட்டு வந்திருக்கேன். இவர் அடிச்சா மணி ஒலிக்குமா?"

இருபது வருஷத்தில் அந்த மேஜையில் யாரும் கிண்டல் பேசியதில்லை. ஆகையால் வந்திருப்பது கிண்டல் என்று லவெர்னுக்கு அடையாளம் தெரியவில்லை. தடித்த விதிப் புத்தகத்தை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினார். பொறுப்பாளர் வெளியே போயிருந்தால் அவருக்கு நேர் மேலே உள்ளவர் பொறுப்பாளராக நிற்கலாம் என்று இருந்தது. அவருக்கு எத்தனை கால் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே கண்ணு!"

இருந்தாலும் விஷயம் கர்னல் டார்பி வரைக்கும் போனது. கர்னல் தம் சட்ட ஆலோசகரான ஓர் இளம் லெப்டினென்டைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சார், இது நாய் சார்," என்றான் லெப்டினென்ட் தணிந்த குரலில்.

"நீ அவரைவிடப் பதவியில பெரியவன். நமக்குக் கீழ இருக்கறவங்களை இப்படிப் பேசறது அழகில்லை." கர்னல் தொண்டையைச் செருமிக்கொண்டார். கைதட்டுவதற்காக வேலையை நிறுத்தியிருந்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "பதவி யார் தோள்ல இருக்குன்னு பார்க்கக் கூடாது. இவருக்குப் படிக்கத் தெரியுமா, கூட்டத்துல பேசறது புரியுதான்னெல்லாம் கேட்க ஆரம்பிச்சா, இந்த முகாம்ல எத்தனை பேர் மிஞ்சுவோம்? உட்காருன்னா உட்காரணும். எழுந்திருன்னா எழுந்திருக்கணும். முன்னால போறவர் பின்னாலயே போகணும், கேள்வி கேட்கக் கூடாது. முப்பது வருஷமா நான் இதைத் தவிர வேற என்ன செஞ்சிருக்கேன்? இதுக்குத்தானே எனக்கு இத்தனை பதக்கம் குடுத்திருக்காங்க?"

ஸ்டாஃப் சார்ஜென்ட் ஹெக்டர் கயிற்றைக் கவ்வி ஓர் இழுப்பு இழுத்தார். மணியும் வந்தது, மணி தொங்கிய கொக்கியும் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ட்ரீனா வந்து சேர்ந்தாள்.

அன்றைக்கே சாவி கிடைத்தது. டாரிலின் பதவிக்கு உரியதைவிடப் பெரிய வீடு, பின்புறம் புல்வெளி. கதவில் 'ஸ்டாஃப் சார்ஜென்ட் ஹெக்டர் குடும்பத்தார்' என்று பலகை மாட்டினார்கள். அடுத்த காபி விருந்தில் ட்ரீனாவுக்கு நாற்காலி கிடைத்தது, அதுவும் மிசஸ் டார்பிக்குக் கொஞ்சம் கிட்டத்தில். முன்பு அவளிடம் பால் கேட்ட பெண்ணே இப்போது பால் கொண்டுவந்து ஊற்றினாள்.

"ஹெக்டர் எப்படி இருக்கார்? வேலை ஜாஸ்தியோ?" என்று மிசஸ் டார்பி விசாரித்தார்.

"ஏதோ போகுதுங்க. வீட்டுக்கு வந்தா சாப்பிடறார், படுத்துடறார்."

"எங்க வீட்டுலயும் அதேதான்! ஒரு வார்த்தை பேசமாட்டார். கூப்பிட்டா தலையைக்கூடத் தூக்கிப் பார்க்கறதில்லை."

இலையுதிர் காலம் முடிகிற சமயத்தில் டாரில் கறுத்து மெலிந்து வந்து சேர்ந்தான். ட்ரீனா ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஹெக்டர் பதவியை மறந்துவிட்டு இருவர் மேலும் பாய்ந்தார். அன்று அவள் செய்த இறைச்சி ரொட்டி அடியில் தீய்ந்துபோயிருந்தது. டாரில் அதைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டான். எதிரில் ஆள் உட்கார்ந்து சாப்பிடுகிற சத்தம் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

அந்த இனிமை குடியிருப்பு மேற்பார்வையாளர் கதவைத் தட்டுகிற வரைக்கும் இருந்தது.

"இவர் யாரு?"

"என் புருஷன்."

மேற்பார்வையாளர் கதவுப் பலகையை ஒருமுறை படித்தார். "இது ஹெக்டர் சாரோட வீடு. சார்ஜென்ட் ஒருத்தர் மேலதிகாரி வீட்டுல தங்கக் கூடாது மேடம். நாளைக்கு அவர் உத்தரவு போடும்போது இவர் எப்படிப் பயப்படுவார்? வேணும்னா பகல்ல வந்து பார்த்துட்டுப் போகட்டும். ஹெக்டர் சார்கிட்ட அனுமதி வாங்கிட்டு."

டாரில் படைவீரர் விடுதியில் மேல்கட்டிலுக்குப் போனான். கட்டுப்பாடுள்ள சிப்பாய் ஆனதால் தினமும் வாசலில் நின்று அனுமதியும் கேட்டான். ஹெக்டர் ஒருநாளும் மறுத்ததில்லை. இருவரும் மையத்துக்குப் போய், யார் யாருடைய குடும்பம் என்ற பட்டியலைத் திருத்தித் தரும்படி கேட்டார்கள். ஒருமுறை மணி அடித்ததை அடிக்காததாக ஆக்க முடியாது என்றார் லவெர்ன்.

அதற்குள் ஹெக்டரின் கால் குணமாகிவிட்டது. கொரியாவுக்கு மாற்றல் வந்தது. குடும்பத்தோடு.

ட்ரீனாவும் டாரிலும் கர்னலிடம் ஓடினார்கள். கர்னல் அவர்களை உட்காரவைத்துக் காபி வரவழைத்தார்.

"குடும்பத்தைப் பிரிக்காம இருக்கறதுதான் நம்ம முகாமோட பெருமை. ஹெக்டர் அங்க தனியாக் கஷ்டப்படறதை நான் பார்த்துக்கிட்டு இருக்கமாட்டேன். நீங்களும் கூடத்தான் போறீங்க மேடம். கவலையே வேண்டாம்."

"சார், இவ என் மனைவி சார்," என்றான் டாரில்.

கர்னலின் முகம் இறுகியது. "உன் உணர்ச்சி எனக்குப் புரியுது சார்ஜென்ட். ஆனா மேலதிகாரி குடும்பத்தைப் பத்தி எங்கிட்ட வந்து இப்படிப் பேசலாமா?"

வெளியே வந்ததும் டாரில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். "மரியாதையாத்தானே கேட்டோம்," என்றான். "கேட்டோமா இல்லையா? நான் சத்தம்கூடப் போடலையே." மணலிலும் வெயிலிலும் கலங்காத ஆள் அழுதுவிடுவான் போல இருந்தது. ட்ரீனாவுக்கு அவன் மேல் எரிச்சலும் வந்தது, மனசும் இளகியது. இவன் இல்லாமல் கொரியாவுக்கும் போகமாட்டேன், நெப்ராஸ்காவுக்கும் போகமாட்டேன் என்று அந்தப் படியிலேயே முடிவு செய்தாள். நேரே மையத்துக்கு நடந்தாள்.

வேண்டியதைக் கேட்டால் அங்கே கிடைக்காது என்று இதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள். ஆகையால் வேறு மாதிரி கேட்டாள்.

"டாரில் ஹாஸ்கின்ஸ்னு ஒரு சார்ஜென்ட். அவர் பேர்ல மனைவி யாராவது இருக்காங்களா?"

லவெர்ன் பார்த்தார். "இல்லை கண்ணு. காலியாத்தான் இருக்கு."

"என் பேர்ல புருஷன்?"

"இல்லையே. பொறுப்பாளர்தான் இருக்கார். ஆனா அவர் நாயாச்சே." சொல்லிவிட்டு லவெர்ன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்போ அந்த டாரிலுக்கு ஒரு மனைவி வேணும்னா என்ன செய்யணும்?"

"கல்யாணம் பண்ணிக்கணும். அதுக்கு நாங்க குறுக்க நிக்கறதே இல்லை. ரெண்டு பேருக்கும் மேல இருக்கறவங்க சம்மதிச்சாப் போதும்."

இரண்டு பேருக்கும் மேலே இருந்தவர் ஹெக்டர் ஒருவரே என்பதால் வேலை சுலபமாக முடிந்தது. முகாம் பாதிரியார் முதலில் தயங்கினார். ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்கள் மறுபடி செய்துகொண்டால் பாவமா என்று யோசித்துப் பார்த்து, அதிகமாகக் கல்யாணம் செய்வதில் பாவம் இருப்பதாகத் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டார். தேவாலயத்தில் ட்ரீனாவை ஹெக்டர்தான் அழைத்து வந்தார், அணிவகுப்புக் கழுத்துப்பட்டையோடு. இந்தத் திருமணத்தில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பாதிரியார் கேட்டபோது அவர் ஒருமுறை குரைத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஓர்டிஸ் ஒரு பிஸ்கட்டை நீட்டியதும் ஆட்சேபம் வாபஸ் ஆனது. கர்னல் டார்பி புதுமணத் தம்பதிகளை வாழ்த்தி, "இந்தப் பொண்ணை எனக்கு ஹெக்டர் வீட்டுப் பொண்ணாத்தான் பழக்கம்," என்று ஆரம்பித்து வெகுநேரம் பேசினார்.

கல்யாணம் முடிந்த கையோடு லவெர்ன் அவளைத் தனியாக அழைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எப்படிச் சொல்றதுன்னே தெரியலை கண்ணு. நீங்க இப்போ இந்த ஊர்லயே கிடைச்ச மனைவி. உங்களை இங்க கூட்டிட்டு வந்தது முகாம் இல்லை, அதனால திருப்பி அனுப்பற உரிமையும் எங்களுக்கு இல்லை. டாரில் இருக்கறவரைக்கும் நீங்களும் இருக்கலாம். ஆனா முகாம்ல வீடு கிடையாது. வகுப்பு கிடையாது. காபிக்குக் கூப்பிடமாட்டாங்க." மூக்கைச் சிந்திக்கொண்டார். "என்னால உங்களை வரவேற்கவே முடியாது."

"எப்பவுமேயா?"

"எப்பவுமே. என்னை மன்னிச்சிடுங்க."

ட்ரீனா சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டாள். அப்படியும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லவெர்ன் அதைத் துக்கம் என்று நினைத்து அவளைக் கட்டிப்பிடித்தார்.

ஹெக்டர் தனியாகவே கொரியாவுக்குப் போனார். அவருக்காக ட்ரீனா உண்மையாகவே அழுதாள். பதவி இல்லாத மனிதர்களைக்கூட நக்கிக் கொடுத்த ஒரே அதிகாரி அவர்தான். காபி விருந்தில் மட்டும் பேச்சு வேறு மாதிரி இருந்ததாக ஓர்டிஸ் வந்து சொன்னான். அவ்வளவு நல்ல பதவியில் இருந்தவரை உதறிவிட்டுச் சாதாரண சார்ஜென்ட் பின்னால் போய்விட்டாளே என்று மிசஸ் டார்பி வருந்தினாராம்.

முகாமுக்கு வெளியே, கிராமத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை கிடைத்தது. சொந்தக்காரி ஃப்ராவ் எண்ட்ரெஸ் (ஜெர்மனில் மிசஸுக்கு ஃப்ராவ்) மாடி ஏறி வந்து சாவியை ட்ரீனாவின் கையிலேயே கொடுத்தாள்.

"வெந்நீர்க் குழாயை இடது பக்கம் திருகணும். குப்பையைப் பிரிச்சுப் போடணும். ஞாயித்துக்கிழமை சத்தம் கூடாது."

ட்ரீனா மேற்கொண்டு ஏதோ வரும் என்று பெட்டியைக் கீழே வைக்காமல் காத்துக்கொண்டு நின்றாள். "வேற?" என்றாள்.

"வேற என்ன?" என்றாள் ஃப்ராவ் எண்ட்ரெஸ், புரியாமல். பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

கதவைச் சாத்தியதும் வீடு அமைதியாக இருந்தது. ட்ரீனாவுக்கு அந்த அமைதி நம்ப முடியாத சந்தோஷமாக இருந்தது. டாரில் வெறும் தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். ஒன்றைக் கழற்றியவன் மற்றதில் கை வைத்தபடி யோசித்தான்.

"ட்ரீனா, நம்ம விலாசம் மாறிட்டதை முகாமுக்குச் சொல்லணுமே?"

"சொல்லித்தான் பாரேன்," என்றாள் அவள்.